மின்சாரம் போய் வந்தாலும் எழுந்து நிற்கும் கணினி: வீட்டுத் தன்னியக்கத்துக்கு வன்பொருள் தெரிவு செய்தல்

தெஹிவளையில் எங்கள் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கியை நிரப்பும் மோட்டாரை விடியற்காலையில் இயக்கி, தாங்கி நிரம்பியதும் நிறுத்துகின்ற வேலையை முதன்முதலில் ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவுக் கணினி ஒன்றிடம் ஒப்படைத்திருந்தேன். ஒரு மழைநாள் மாலை மின்சாரம் அடுத்தடுத்து மூன்று தடவை போய் வந்தது. மறுநாள் காலை குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கணினியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சேமிப்பகம் வேலை செய்வதைக் காட்டும் பச்சை விளக்கு அசையவே இல்லை. பழைய கைப்பேசியிலிருந்து கழற்றிய எஸ்டி அட்டையையும், அதே கைப்பேசியின் மின்னேற்றியையும் கொண்டு அந்தக் கணினியை நான் அமைத்திருந்ததால், குற்றம் சாட்டுவதற்கு வேறு யாரையும் தேட வேண்டியிருக்கவில்லை.

கொழும்பில் இத்தகைய கணினியை வாங்கப் போகிறவர், அது எவ்வளவு வேகமானது என்று கேட்பதற்கு முன்பு, மின்சாரம் போய் வரும்போது அது என்ன செய்யும் என்று கேட்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததையடுத்து நாடு முழுவதும் இருண்டதையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் கணினிகளைக் கெடுப்பவை பெரும்பாலும் அந்தப் பெரிய வெட்டுகள் அல்ல. இடிமழை மாலைகளில் இரண்டு விநாடி போய், வந்து, மீண்டும் போகின்ற சிறு துண்டிப்புகளே அதிகம் கெடுக்கின்றன. கணினி பாதி எழுந்திருக்கும் நேரத்தில் அதன் கால் வாரப்படுகிறது.

செயலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஹோம் அசிஸ்டன்ட் போன்ற திறந்த மூல மென்பொருள், மின்குமிழ்கள், மோட்டார், வாயிற்கதவு உணரி என ஐம்பது அறுபது சாதனங்களைக் கவனிப்பதற்கு மிகச் சாதாரணமான நான்கு கருச் செயலியும் 4 கிகாபைட் நினைவகமும் போதும். செயலி 64 பிட் வகையாக இருப்பது கட்டாயம். 32 பிட் கணினிகளுக்கான ஆதரவை முடித்துக்கொள்வதாக ஹோம் அசிஸ்டன்ட் குழுவினர் 2025 மே மாதத்தில் அறிவித்துவிட்டார்கள் என்பதால், அலுமாரியில் கிடக்கும் மிகப் பழைய கணினியை இதற்காகத் தூசு தட்ட வேண்டாம். கண்காணிப்புக் கமெராக்களின் படத்தில் மனிதரையும் வாகனத்தையும் பிரித்தறியும் வேலையையும் அதே கணினியிடம் கொடுக்க நினைப்பவருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். அவர் நேரடியாகச் சிறு கணினி வகைக்குப் போய்விடலாம்.

தெரிவுகள் மூன்று திசையில் இருக்கின்றன. முதலாவது ராஸ்பெரி பை 4 அல்லது 5. இரண்டாவது, ஹோம் அசிஸ்டன்ட் கிரீன் போன்று மென்பொருள் ஏற்றப்பட்டே வருகின்ற சிறு பெட்டி; 2023இல் வெளிவந்த இதில் 4 கிகாபைட் நினைவகமும், பலகையிலேயே பொருத்தப்பட்ட 32 கிகாபைட் இஎம்எம்சி சேமிப்பகமும் உள்ளன, ஆனால் உணரிகளுடனும் மின்குமிழ்களுடனும் கம்பியின்றிப் பேசுவதற்கான சிக்பீ வானொலி இல்லை. மூன்றாவது, இன்டெல் என்100 செயலியுள்ள புதிய சிறு கணினி, அல்லது அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வருகின்ற டெல் ஒப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி வகைகள். விற்பனைக்குப் பிந்திய உதவியும் மாற்று உதிரியும் கொழும்பிலேயே கிடைக்கும் என்பதால் நான் மூன்றாவதன் பக்கம் சாய்கிறேன். பை ஒன்று ஏற்கெனவே கையில் இருந்தால் அதைக் கைவிட வேண்டியதில்லை. அதன் இரண்டு பலவீனங்களையும், அதாவது சேமிப்பகத்தையும் மின்வழங்கியையும், சரிசெய்தால் அது நன்றாகவே உழைக்கும்.

மின்கட்டணத்தையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கணினி ஒரு நாளும் அணைக்கப்படுவதில்லை. ஒரு பை சும்மா இருக்கும்போது ஏறத்தாழ 3 வாட் இழுத்தால் மாதத்துக்கு 2 அலகுக்குச் சற்று மேல் வரும். 10 வாட் இழுக்கும் சிறு கணினிக்கு 7.2 அலகு, 50 வாட் இழுக்கும் பழைய கோபுர வகைக் கணினிக்கு 36 அலகு. நமது வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறுவதால், இந்த 36 அலகும் பட்டியலின் மிக விலைகூடிய படியில்தான் போய் விழும். இலவசமாகக் கிடைத்தது என்று மகிழ்ந்த பழைய கணினி சில மாதங்களிலேயே தன் விலையை வசூலித்துவிடும்.

சேமிப்பகம்

பை கணினிகளில் அதிகம் சாகின்ற உறுப்பு எஸ்டி அட்டை. ஹோம் அசிஸ்டன்ட் தன்னிடம் வரும் ஒவ்வொரு அளவீட்டையும் ஒரு தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் 5 விநாடிக்கு ஒரு தடவை எழுதி, 10 நாள் வரலாற்றை வைத்திருக்கும். தரவுத்தளம் திடீர் துண்டிப்பைத் தாங்கும்படி கவனமாகவே வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆனால் அட்டைக்குள் இருக்கும் சிறு கட்டுப்படுத்தி, எந்தத் தரவு எந்தக் கலத்தில் இருக்கிறது என்ற அட்டவணையைத் தானாகவே இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. அந்த அட்டவணையை எழுதும் கணத்தில் மின்சாரம் போனால், அன்று தொடப்படாத பழைய கோப்புகளும் சேர்ந்து காணாமற்போகலாம். அதனால்தான் நேற்று வரை நன்றாக இருந்த அட்டை ஒரே துண்டிப்பில் முழுவதுமாகப் போய்விடுகிறது.

அட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், வாகனக் கமெராக்களுக்கும் கண்காணிப்புக் கமெராக்களுக்கும் உரிய நீடித்து உழைக்கும் வகையை, தேவையைவிட இரண்டு மடங்கு கொள்ளளவில் வாங்குங்கள். எழுதும் வேலை கூடுதல் கலங்களில் பரவுவதால் தேய்மானம் குறையும். பொதியின் மேல் அச்சிட்ட கொள்ளளவை நம்பாமல், எஃப்3 போன்ற இலவச மென்பொருளால் அட்டை முழுவதையும் எழுதி, மீண்டும் வாசித்துப் பாருங்கள். 128 என்று எழுதப்பட்ட போலி அட்டை 8 கிகாபைட்டுக்கு அப்பால் எழுதியதையெல்லாம் விழுங்கிவிட்டுச் சும்மா இருக்கும். அது வெளியே தெரிய மாதங்கள் ஆகும்.

அதைவிட நல்லது எஸ்எஸ்டி எனப்படும் சில்லுவகைச் சேமிப்பு வட்டு. பை 4உம் 5உம் யூஎஸ்பி வழியாக இணைத்த எஸ்எஸ்டியிலிருந்தே தொடங்கும். பை 5இல் அதற்குரிய மேற்பலகையைப் பொருத்தினால் எம்.2 வகை எஸ்எஸ்டியை நேரடியாக இணைக்கலாம். தேய்மானத்தைப் பற்றி இங்கே கவலைப்படத் தேவையில்லை: நாளொன்றுக்கு 5 கிகாபைட் எழுதினாலும் ஆண்டுக்கு 2 டெராபைட்டை எட்டாது, நல்ல 500 கிகாபைட் எஸ்எஸ்டிகளுக்கோ உற்பத்தியாளர்கள் நூற்றுக்கணக்கான டெராபைட் எழுதும் ஆயுளை உறுதியளிக்கிறார்கள். கவலைப்பட வேண்டியது எஸ்எஸ்டியை யூஎஸ்பி துளையில் இணைக்கும் மாற்றியைப் பற்றி. சில மலிவான மாற்றிகளின் சில்லுகள் பையுடன் ஒத்துப்போகாமல், வேலைப்பளு ஏறும்போது எஸ்எஸ்டியைத் துண்டித்துவிடும். நாம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்போம். பை பயன்படுத்துவோர் ஏற்கெனவே சோதித்துப் பார்த்த மாதிரியையே தேடி வாங்குவது நல்லது.

எந்தச் சேமிப்பகமாக இருந்தாலும், காப்புப்பிரதி அதே சேமிப்பகத்தில் இருந்தால் அது காப்புப்பிரதி ஆகாது. இரவுதோறும் தானாக எடுக்கப்படும் பிரதி வீட்டிலுள்ள வேறொரு கணினிக்கோ இணையச் சேமிப்பிடத்துக்கோ போக வேண்டும். பிரதியைத் திறப்பதற்கான மறைகுறியாக்கத் திறவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வையுங்கள். அதையும் கணினிக்குள்ளேயே சேமித்து வைத்த ஒரு நண்பரை நான் அறிவேன்.

மின்வழங்கல்

கைப்பேசி மின்னேற்றி கணினிக்கு உரிய மின்வழங்கி அல்ல. பை 4 எதிர்பார்ப்பது 5 வோல்ட்டில் 3 அம்பியர். பை 5 எதிர்பார்ப்பது 5 வோல்ட்டில் 5 அம்பியர். மடிக்கணினிகளுக்கான 65 வாட் மின்னேற்றி இதைவிடப் பலமானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த வாட் எல்லாம் கிடைப்பது 20 வோல்ட் போன்ற உயர்ந்த மின்னழுத்தத்தில், 5 வோல்ட்டில் அவை பெரும்பாலும் 3 அம்பியருக்கு மேல் தருவதில்லை. அப்படியான மின்னேற்றியைக் கண்டால் பை 5 தன் யூஎஸ்பி துளைகள் அனைத்துக்கும் சேர்த்து 600 மில்லி அம்பியர் மட்டுமே ஒதுக்கும். அதில் ஓர் எஸ்எஸ்டி இயங்கினால் அது அதிர்ஷ்டம். மெல்லிய யூஎஸ்பி கம்பியும் மின்னழுத்தத்தைத் தின்னும். பலகையில் அது ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் குறைமின்னழுத்த எச்சரிக்கை பதிவாகும். அந்த எச்சரிக்கையை ஒரு தடவை கண்டாலே மின்வழங்கியை மாற்றிவிடுவது என் வழக்கம்.

பழைய அலுவலகச் சிறு கணினியை வாங்கும்போது மின்வழங்கி அந்தக் கணினியின் அசலானதா என்று கேளுங்கள். 20 வோல்ட் கணினிக்கு 19 வோல்ட் போலியைக் கொடுத்து, "ஓடுதுதானே அண்ணா" என்று காட்டுவார்கள். ஓடும், எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி.

அடுத்தது பற்றரி. 2022க்குப் பிறகு கொழும்பு வீடுகளில் ரவுட்டருக்கென ஒரு சிறிய லிதியம் யூபிஎஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் 10,000 மில்லி அம்பியர் மணி என்று எழுதியிருந்தால், அது 3.7 வோல்ட் கலங்களின் கணக்கு என்பதை மறக்க வேண்டாம்: 37 வாட் மணி, மாற்றும்போது இழப்பதைக் கழித்தால் சுமார் 30 வாட் மணி. ஃபைபர் பெட்டிக்கு 10 வாட்டும் பைக்கு 5 வாட்டும் என்றால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் தாக்குப்பிடிக்கும். சிறு துண்டிப்புகளுக்கு இது தாராளம். ஆனால் இதன் 12 வோல்ட் முனையில் என்100 சிறு கணினி ஒன்றை மாட்டுவதற்கு முன்பு, அந்த முனை எத்தனை அம்பியர் தரும் என்று பாருங்கள். இத்தகைய கணினிகள் பலவற்றுடன் 12 வோல்ட் 3 அம்பியர் மின்வழங்கி வருகிறது. யூபிஎஸ் 2 அம்பியரில் நின்றுவிட்டால், கணினி தொடங்கும் கணத்தில் சுமை ஏறி அது வெட்டிவிடும்.

மேசைக் கணினிகளுக்கான 650 விஏ யூபிஎஸ்ஸில் வழக்கமாக 12 வோல்ட் 7 அம்பியர் மணி ஈய அமில பற்றரி இருக்கும். வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் உயரும்போது இந்தப் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது துறையில் உள்ள பொதுக்கணக்கு. எனவே அதைக் காற்றோட்டமில்லாத அலுமாரிக்குள் அடைக்காமல், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு தடவை பற்றரியை மாற்றும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யூபிஎஸ்ஸை யூஎஸ்பி கம்பியால் கணினியுடன் இணைத்து, பற்றரி இறங்கும்போது கணினியை ஒழுங்காக அணைக்கச் செய்யலாம். இதில் ஒரு பொறி உண்டு; நானே அதில் விழுந்தேன். பற்றரி இறங்கியதும் கணினி தன்னை அணைத்துக்கொண்டது. அடுத்த நிமிடமே மின்சாரம் வந்தது. யூபிஎஸ் தன் வெளியீட்டை ஒரு கணமும் நிறுத்தவில்லை என்பதால், கணினியின் பார்வையில் மின்சாரம் போகவுமில்லை, வரவுமில்லை. அது அணைந்தபடியே கிடந்தது. கணினியை அணைத்த பின்பு யூபிஎஸ்ஸும் தன் வெளியீட்டை வெட்டி, மின்சாரம் திரும்பியதும் மீண்டும் கொடுக்கும்படி அமைக்க முடிகிறதா என்று வாங்குமுன் விசாரியுங்கள்.

இதோடு ஒட்டியதுதான் பயோஸ், அதாவது கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் அடிப்படை மென்பொருளின் அமைப்பு. சிறு கணினிகள் மின்சாரம் திரும்பும்போது தாமாகத் தொடங்குவது கட்டாயமில்லை. 'ஏசி ரிகவரி' அல்லது 'ஆஃப்டர் பவர் லொஸ்' என்பது போன்ற பெயரில் இருக்கும் அமைப்பை, எப்போதும் தொடங்கு என்ற நிலைக்கு மாற்ற வேண்டும். இந்த அமைப்பே இல்லாத மலிவான கணினியும் உண்டு, அதைக் கடையிலேயே திறந்து காட்டச் சொல்வதில் தவறில்லை. தாய்ப்பலகையிலுள்ள சிஆர்2032 நாணயப் பற்றரி செத்துப்போன பழைய கணினி இந்த அமைப்பையும் நேரத்தையும் சேர்த்தே மறந்துவிடக்கூடும். அதை வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள்.

நேரத்தைப் பற்றி இன்னொரு சொல். பை 4இல் கடிகாரச் சில்லு இல்லை. மின்சாரம் வந்து இணையம் வரும்வரை அதற்குச் சரியான நேரம் தெரியாது. அந்த இடைவெளியில், காலை ஐந்து மணிக்கு இயங்க வேண்டிய மோட்டாருக்கு மணி எத்தனை என்று யாரும் சொல்லமாட்டார்கள். பை 5இல் கடிகாரம் உண்டு, அதற்குரிய சிறு பற்றரியைத் தனியாக வாங்கி இணைக்க வேண்டும்.

பழைய மடிக்கணினிக்குப் பற்றரி கூடவே இருக்கிறதே என்று பலர் கேட்பதுண்டு. யோசனை நல்லதுதான். ஆனால் ஆண்டு முழுவதும் செருகியபடி நமது வெப்பத்தில் கிடக்கும் லிதியம் பற்றரி உப்பும். மின்னேற்றத்தை 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இல்லாத மடிக்கணினியை ஆளில்லாத அறையில் இருபத்துநான்கு மணித்தியாலமும் இயங்க விடுவதை நான் விரும்பமாட்டேன்.

இடி, உப்புக்காற்று, பல்லி

மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் கொழும்புக்குப் பழக்கமானது. மின்னெழுச்சியைத் தடுக்கும் பிளக்பலகை தன் வேலையைச் செய்வதற்கு நிலத்தொடுப்பு வேண்டும். சந்தையிலுள்ள மலிவான நீட்டிப்புக் கம்பிகள் சிலவற்றில் மூன்றாவது கம்பியே கிடையாது. எனவே 13 அம்பியர் சுவர்த்துளையில் நிலத்தொடுப்பு உண்மையில் இருக்கிறதா என்று மின்வினைஞரைக் கொண்டு சோதிப்பது, விலையுயர்ந்த பலகை வாங்குவதைவிட முந்திய வேலை. ஃபைபர் இழை மின்னைக் கடத்தாது. ஆனால் வாயிலிலும் மதிலிலும் உள்ள கமெராக்களுக்கு இழுத்த செப்புக் கம்பி நன்றாகவே கடத்தும். தனி வீடுகளில் அந்தக் கம்பியைத் தடுப்பு ஏதுமின்றிக் கட்டுப்பாட்டுக் கணினி இருக்கும் அதே இணைப்புப் பெட்டியில் கொண்டுவந்து செருகுவது, மின்னலுக்கு வழிகாட்டுவது போன்றது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை ஆகிய இடங்களில் கடலைப் பார்த்த தொடர்மாடிகளில் இருப்பவர்கள், மின்விசிறி இல்லாத, உலோக உறையே வெப்பத்தை வெளியேற்றும் வகையைத் தெரிவு செய்வது நல்லது. விசிறி உள்ளே இழுப்பது வெறும் காற்று அல்ல, உப்பும் ஈரமும் கலந்த காற்று. கணினியைப் பல்கனியிலிருந்தும் சமையலறையிலிருந்தும் தள்ளி, உள்ளறைச் சுவரில், தரையிலிருந்து உயரத்தில் வையுங்கள். காற்றுத்துளைகளுக்கு மெல்லிய வலை ஒட்டுவதும் அவசியம். வெதுவெதுப்பான பெட்டியைத் தேடி எறும்பும் பல்லியும் வரும், மின்வழங்கிக்குள் புகுந்த பல்லி தானும் செத்து, மின்வழங்கியையும் கொண்டுபோகும்.

சிக்பீ செருகியைக் கணினியின் யூஎஸ்பி 3 துளையில் நேரடியாகச் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் உண்டாக்குவதை இன்டெல் 2012இலேயே ஆவணப்படுத்தியிருக்கிறது. ஒரு மீற்றர் நீட்டிப்புக் கம்பியும் யூஎஸ்பி 2 துளையும் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தீர்த்துவிடும். அயல்வீட்டு வைஃபைகள் நிறைந்த தொடர்மாடியில் சிக்பீயின் 25ஆம் அலைத்தடத்தை முதலில் முயன்று பாருங்கள். சிக்பீ போன்ற இன்னொரு கம்பியில்லா முறையான இசட்வேவ் சாதனங்கள் நாட்டுக்கு நாடு வெவ்வேறு அலைவரிசையில் இயங்குபவை. அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த செருகி, ஐரோப்பிய வகை ஆளியுடன் பேசாது.

வாங்குதலும் சோதித்தலும்

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலோ விலை கேட்கும்போது, உத்தரவாதத்தையும் வாசித்துக் கேளுங்கள். பற்றுச்சீட்டின் அடியில் ஒரு வருடம் என்றால் 350 நாள் என்றும், எரிந்த தடம், துரு, மின்னல் சேதம் ஆகியவற்றுக்கு உத்தரவாதம் இல்லை என்றும் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பது இங்கே வழமை. அதாவது நாம் மிகவும் அஞ்சுகின்ற சேதம் மூன்றும் நம் தலையில்தான். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் விலை குறையலாம்; பழுதானால் திருப்பி அனுப்பும் செலவு அந்த இலாபத்தைத் தின்றுவிடும் என்பதால், மின்வழங்கியையும் எஸ்எஸ்டியையுமாவது உள்ளூரில் வாங்குவதே என் வழக்கம்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் மோட்டாரை உடனே அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். இரண்டு வாரம் ஒரு மின்குமிழை மட்டும் கொடுத்து ஓட விடுங்கள். அந்தக் காலத்தில், காப்புப்பிரதி எடுத்துவிட்டு, இயங்கிக்கொண்டிருக்கும்போதே பிளக்கைப் பத்துத் தடவை வெவ்வேறு நேரங்களில் பிடுங்குங்கள். அதில் இரண்டு தடவையாவது, அது பாதி எழுந்திருக்கும்போது பிடுங்க வேண்டும். யாரும் தொடாமல் பத்துத் தடவையும் எழுந்து மின்குமிழை ஏற்ற வேண்டும். ஒரு தடவை தவறினாலும் உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு வேறொரு அட்டையிலோ எஸ்எஸ்டியிலோ காப்புப்பிரதியை மீட்டுப் பார்த்து, மீட்பதற்கு எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது சேமிப்பகத்தை அழிக்காமல் அப்படியே பெட்டியின் அருகில் வைத்துவிடலாம்.

கடைசியாக, பெட்டியின் மேல் ஒரு தாளை ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் அதை அம்மாவுக்காகவே எழுதினேன்: எந்தப் பிளக்கைக் கழற்ற வேண்டும், பத்து எண்ணும் வரை பொறுத்து மீண்டும் செருக வேண்டும், ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அப்போதும் மோட்டார் ஓடாவிட்டால் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பழைய ஆளியை மேலே தள்ள வேண்டும்.